குண்டடி இல்லை

ராணுவத்தில் இருந்தபோது, லடாக்கில் எங்கள் படைப்பிரிவின் ஐஸ் ஹாக்கி அணிக்கு நான்தான் கோல்கீப்பர். ஒரு இறுதிப் போட்டியில், கடைசி நிமிடத்தில் பறந்து வந்த ரப்பர் வட்டைத் தடுக்கப் பாய்ந்து விழுந்ததில் முழங்கால் போனது. ஓய்வு பெற்று சொந்த ஊரான குத்துக்கல்வலசைக்கு வந்த பிறகும் நொண்டித்தான் நடக்கிறேன்.

போன மாதம் என் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா என்னைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டார்.

"எல்லையில குண்டடி பட்ட காலுன்னு ஒங்க மச்சினன் சொன்னாவ. பெருமையா இருக்கு அண்ணாச்சி."

மச்சினன் என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"குண்டடி இல்ல. ஐஸ் ஹாக்கி வெளையாடிப் போன காலு" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். "வெளையாட்டுலயா? அதுவும் ஐஸ் மேலயா?"

மகள் உள்ளேயிருந்து வந்தாள். "இதுல சிரிக்க என்ன இருக்கு? இந்த எடம் எனக்கு வேண்டாம்ப்பா."

அவர்கள் போனதும் மச்சினன் கத்தினான். "பேசாம இருந்தா என்ன அத்தான்?"

"ஏலே, என் காலு எப்படிப் போச்சுன்னு நான் சொல்லப்புடாதாலே?" என்று அவனைத் தெருவரை விரட்டினேன்.

அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆனால் அன்று சாயங்காலம் மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அந்தக் கடைசி நிமிஷ கோலை விட்டுட்டீங்களாப்பா?" என்று கேட்டாள். இத்தனை வருஷத்தில் அதை என்னிடம் யாருமே கேட்டதில்லை.

"விடலட்டி" என்றேன்.