புதன்கிழமை வைத்த கூட்டம்

எங்கள் கடற்கரைத் தெருவைப் புதுப்பிக்கப் போவதாகவும், மக்களைக் கேட்டுத்தான் திட்டம் போடுவதாகவும் சொல்லி அதிகாரிகள் ஒரு புதன்கிழமை கூட்டம் வைத்தார்கள். ஞாயிறு தவிர மற்ற நாளெல்லாம் எங்கள் ஆண்கள் கடலில்தான் இருப்பார்கள். அதனால் பெண்களாகப் போய் உட்கார்ந்தோம்.

திரையில் படம் காட்டினார்கள். வள்ளங்களை இழுத்து ஏற்றும் மணல்மேல் கரை நெடுக நடைபாதை, கடல் பக்கம் சுவர். "வள்ளத்த எங்கன ஏத்துவாவ?" என்று கேட்க எழுந்தேன். என் வீட்டுக்காரரின் தங்கை என் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"சும்மா இருங்க மைனி. கடல் காரியத்த ஆம்பளைங்க பேசிக்கிடுவாவ."

உட்கார்ந்துவிட்டேன். குடிதண்ணீர்க் குழாயும் தெருவிளக்கும் கேட்டோம். இரண்டும் வந்தன. சுவரும் வந்தது.

ஐப்பசியில் ஒரு மதியம் வாடைக்காற்று பிடித்துக்கொண்டது. மிச்சமிருந்த மணலில் முந்தி வந்தவர்கள் வள்ளங்களை ஏற்றிவிட்டார்கள். கடைசியாக வந்த என் வீட்டுக்காரர், வள்ளத்தைச் சுவரோரம் பிடித்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நின்றார். அலை அதைத் தூக்கிச் சுவரில் அடித்தது. நடுவில் அவர் கால் மாட்டிக்கொண்டது. ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

இப்போது பக்கத்துத் தெருவுக்குத் திட்டம் போடுகிறார்கள். கூட்டம் என்று எங்கள் தெருவுக்கும் சொல்ல வந்தவரை வாசலிலேயே மறித்தேன். "ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வைங்க சார். இல்லன்னா ஒருத்தரும் வரமாட்டோம்" என்றேன். இனி யார் சேலையைப் பிடித்து இழுத்தாலும் நான் உட்காரப் போவதில்லை.

என் வீட்டுக்காரர் மட்டும் இனி எந்தக் கிழமை வைத்தாலும் வரலாம்.