மாப்பிள்ளையின் அப்பா உட்கார்ந்த கதிரை

போன ஞாயிறு, கொழும்பு வெள்ளவத்தையில் நண்பர் குகனின் ஃபிளாட்டில் ஒரு பிளாஸ்டிக் கதிரை உடைந்தது. உட்கார்ந்திருந்தவர் மாப்பிள்ளையின் அப்பா. வந்த காரியம் — பெண் பார்ப்பது. கதிரை — அவருடைய சொந்தத் தொழிற்சாலையில் செய்தது!

வேறு யாருக்காவது இப்படி வாய்க்குமா?

குகன் வீட்டில் உட்காரக் கதிரை போதாது என்று, மனிதர் முதல்நாளே ஹெந்தளைத் தொழிற்சாலையிலிருந்து புதுக் கதிரைகளை வான் வண்டியில் அனுப்பியிருந்தார். உதவிதான்... கொஞ்சம் விளம்பரமும்.

கதிரையின் பின்கால் பட்டென்று முறிந்தது. அடி படவில்லை. ஆனால் முகம் கறுத்துவிட்டது. குகன் வெலவெலத்துப் போனார். எத்தனையோ பேச்சுகள் தட்டிப்போன பிறகு பொருந்தி வந்த இடம். மகள் தர்ஷினிக்கும் பையனைப் பிடித்திருந்தது. குகனின் மனைவியோ, எங்கள் தரைதான் வழுக்கல் என்று பழியைத் தன் வீட்டின்மேல் போட்டுக்கொண்டார்.

தர்ஷினிக்கு ரப்பர் கம்பனி ஒன்றின் ஆய்வுகூடத்தில் வேலை. பொருள்களை இழுத்தும் அடித்தும் உடைத்துப் பார்ப்பதுதான் தொழில். அவள் முறிந்த காலைக் கையில் எடுத்துவிட்டாள். என்ன பார்க்கிறாய் என்று மாப்பிள்ளையின் அப்பாவே கேட்டார்.

"அங்கிள், கோவிக்காதேங்கோ. வெண்கட்டித் தூள் கூடிப்போச்சு. வடிவாக் கலக்கவும் இல்லை. இஞ்ச பாருங்கோ, கட்டியா நிக்குது."

பிறகு அவள் விளக்கியது இது. வெறும் பிளாஸ்டிக் நெகிழும். நைஸான சுண்ணக்கட்டித் தூளை அளவாகக் கலந்தால் விறைப்பு வரும். அளவு மீறினால் விறைப்பு இன்னும் கூடும் — ஆனால் பாரத்துக்குக் கொஞ்சம் நெகிழ்ந்து தாங்குகிற குணம் போய்விடும். தூள் கட்டிபட்ட இடத்தில் வெடிப்புத் தொடங்கும்.

குகன் கண்ணை மூடிக்கொண்டார்.

"கடையில ஆக்கள் கதிரையின்ர முதுகை அமத்திப் பாக்கினம், பிள்ளை. வளைஞ்சா வாங்கமாட்டினம். அதுதான் கூடப் போட்டனான்" என்றார் அவர். தேநீரைக் குடிக்காமலே எழுந்து போனார்.

அவரை மட்டும் குறை சொல்லலாமா? அமத்திப் பார்ப்பவர்கள் நாம்தானே? கதிரையோ சம்பந்தியோ... விறைப்பாக இருந்தால்தான் பலம் என்று நினைக்கிறோம்.

புதன்கிழமை போன் வந்தது. குகன் முதல் மணியிலேயே எடுத்தாராம். பேசியவர் மாப்பிள்ளையின் அப்பா.

"பிள்ளை சொன்னது சரி. தூளைக் குறைக்கச் சொல்லிட்டன். நாள் பாப்பம்."

குகனுக்கு அழுகையே வந்துவிட்டது. எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் கல்யாணத்துக்குக் கதிரைகள் சம்பந்தியின் பொறுப்பாம்...

நான் நின்றபடியே சாப்பிடுவதாக முடிவு செய்திருக்கிறேன்.