யாராவது கேட்கட்டும் என்று ஜெபித்தேன்

என் மகள் பிறந்த பிறகு ஏறக்குறைய ஒரு வருஷம் எனக்கு மலம் அடங்கவில்லை. சகோதரிகளே, இந்த வார்த்தை இல்லாமல் என் சாட்சியைச் சொல்ல முடியாது. அதனால் முதலிலேயே சொல்லிவிட்டேன். நம்முடைய பெண்கள் கூட்டத்தில் புற்றுநோய்க்காக ஜெபித்திருக்கிறோம். சர்க்கரைக்காக, குழந்தை இல்லாதவர்களுக்காக ஜெபித்திருக்கிறோம். இதற்காக யாரும் கை தூக்கி நான் பார்த்ததில்லை. நானும் தூக்கவில்லை.

என் பெயர் சுகந்தி. ஆம்பூர்ப் பக்கம் பிறந்தவள். டேவிட்டைக் கல்யாணம் செய்துகொண்டு அல்சூருக்கு வந்தேன். அவருக்கு பொம்மசந்திராவில் ஒரு கம்பெனியில் வேலை. விடிவதற்குள் கம்பெனி பஸ் பிடித்துப் போவார், இருட்டிய பிறகு வருவார். மாமனாரும் பகலில் வீட்டில் இருக்கமாட்டார். பகல் முழுக்க வீட்டில் நானும் என் மாமியாரும்தான். அத்தை பெயர் கிரேஸ். சர்ச் பாடகர் குழுவில் முன்வரிசையில் நிற்பவர். நான் பக்கத்தில் ஒரு நர்சரி பள்ளியில் யுகேஜி டீச்சர்.

மசக்கை தவிர கர்ப்பத்தில் எந்தத் தொந்தரவும் இல்லை. வலி எடுத்து ஆஸ்பத்திரிக்குப் போனபோது அத்தையைப் பிரசவ அறை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். உள்ளே ஒரு கட்டிலும் காலி இல்லை. நர்ஸ் கன்னடத்தில் சத்தம் போட்டுக்கொண்டே இருந்தார். "இன்னு ஸ்வல்ப, இன்னு ஸ்வல்ப." எனக்கு அப்போது கன்னடம் அரைகுறை. இன்னும் கொஞ்சம் என்கிறார் என்று மட்டும் புரிந்தது. குழந்தையின் தலை பாதியில் நின்றுவிட்டது. வாக்குவம் என்கிற உறிஞ்சும் கருவியைத் தலையில் வைத்து இழுத்து எடுத்தார்கள். பெண் குழந்தை, நல்ல எடை. உடனே அழுதாள்.

எனக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்துக் கட்டிலில் ஒரு பெண்ணுக்கு ரத்தப்போக்கு அதிகமானது. டாக்டர் பாதியில் எழுந்து அங்கே ஓடினார். வெகுநேரம் கழித்துத் திரும்பி வந்து மீதித் தையலை அவசரமாகப் போட்டார். யாரையும் குற்றம் சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள். மறுநாள் வார்டில் பார்த்தேன், சிரித்தாள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் என் நிலைமை தெரிந்தது. வயிற்றைக் கலக்கினால் பாத்ரூமுக்குப் போக அவகாசம் கிடைக்காது. நான்கு எட்டு வைப்பதற்குள் புடவை பாழாகிவிடும். சில நாள் கலக்கமே இருக்காது, எழுந்தால் தெரியும். பிரசவமானவர்களுக்கு இப்படித்தான் இருக்கும்போல என்று நினைத்தேன். என் அம்மாவும் அக்காவும் இதைப்பற்றிப் பேசியதில்லை. அவர்கள் பேசாததால் அவர்களுக்கு இருந்ததா இல்லையா என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

பிரசவத்துக்குப் பிந்தின செக்கப்புக்குப் போனேன். குழந்தையை எடை போட்டார்கள். பால் இருக்கிறதா என்று கேட்டார்கள். அடுத்த குழந்தை எப்போது, தள்ளிப்போட என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டார்கள். எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னேன். வெளியே வந்தேன்.

லீவு முடிந்து பள்ளிக்குப் போனேன். நாப்கின் வைத்துக்கொண்டு, காலையில் எதுவும் சாப்பிடாமல் போவேன். ஒருநாள் வகுப்பில் ஒரு குழந்தை மூக்கைப் பிடித்துக்கொண்டு, "மிஸ், ஸ்மெல்" என்றது. மற்ற குழந்தைகளும் மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பக்கத்து வகுப்பு டீச்சர் வந்து எந்தக் குழந்தை நிக்கரில் போய்விட்டது என்று ஒவ்வொன்றாக எழுப்பிப் பார்த்தார். எல்லாக் குழந்தையும் சுத்தமாக இருந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை. வேண்டுமென்றேதான் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். மறுநாளிலிருந்து நான் பள்ளிக்குப் போகவில்லை.

பிறகு சர்ச்சுக்குப் போவதும் நின்றது. டேவிட் பக்கத்தில் படுப்பதும் நின்றது. ஏதோ கோபம் என்று அவர் நினைத்துக்கொண்டார். நானும் அப்படியே நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அத்தைக்கு வேறு எரிச்சல். எந்நேரமும் பாத்ரூம், எந்நேரமும் துணி துவைப்பு, தண்ணி லாரிக்காரனா உன் மாமா என்று முணுமுணுப்பார். குழந்தையை நான் அதிகம் தூக்குவதில்லை. அழுக்கான கையால் தூக்குவதுபோல இருக்கும்.

ஜெபித்தேன். குணமாக்கும் என்று கேட்டேன். உபவாசம் இருந்தேன். உபவாச நாட்களில் கொஞ்சம் அடங்கும், சாப்பிட்டால் மறுபடியும் வரும். செத்துப்போனால் தேவலை என்று நினைத்த நாட்களும் உண்டு. அதை இங்கே மறைக்க வேண்டியதில்லை.

ஒரு கட்டத்தில் குணமாக்கும் என்று கேட்பதை விட்டுவிட்டேன். நம்பிக்கை போனதால் மட்டும் இல்லை. டாக்டரிடம் சொன்னால்தானே மருந்து, சொல்லத்தான் எனக்கு வாய் வரவில்லையே என்று தோன்றியது. அதனால் ஜெபத்தை மாற்றிக்கொண்டேன். 'ஆண்டவரே, யாராவது ஒருவர் என்னைக் கேட்கட்டும். கேட்டால் பொய் சொல்லமாட்டேன்.' இவ்வளவுதான் அந்த ஜெபம். தினமும் துணியை அலசிக்கொண்டே இதைச் சொல்வேன்.

பெண்கள் கூட்டத்திலிருந்து இரண்டு பேர் பார்க்க வந்தார்கள். ஏன் ஆராதனைக்கு வருவதில்லை என்று கேட்டார்கள். நான் காத்திருந்தேன். அடுத்த கேள்வி வரவில்லை. சோர்வின் ஆவி விலகும்படி ஜெபித்துவிட்டு, டீ குடித்துவிட்டுப் போனார்கள். அம்மா போன் செய்து நன்றாக இருக்கிறாயா என்று கேட்டாள். அதுவும் நான் ஜெபித்துக் கேட்ட கேள்வி இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. தலைவலி என்று சொல்லிவிட்டேன். டேவிட் குழந்தையைத் தூக்கிக்கொண்டு முன்னால் போய்விட்டார். அத்தையும் வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார் என்று நினைத்து நான் பாத்ரூமில் கழுவிக்கொண்டிருந்தேன். கதவு தட்டப்பட்டது.

"சுகந்தி. எந்நேரமும் தண்ணி ஊத்திக்கினே கீற. இன்னாமா ஆச்சு?"

ஒன்றுமில்லை அத்தை என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நான் வாக்குக் கொடுத்திருந்தது நினைவுக்கு வந்தது. குழாயை மூடினேன்.

கதவில் வளையல் உரசியது. பிறகு அத்தை குரலைத் தாழ்த்திக் கேட்டார். "வெளிக்கி அடங்கலியா?"

"ஆமா அத்தை."

கதவைத் திறந்தேன். அவர் உள்ளே வந்து, கவிழ்த்துப் போட்டிருந்த பக்கெட்டின் மேல் சர்ச் புடவையோடு உட்கார்ந்தார்.

"எப்பலேர்ந்து?"

"பாப்பா பொறந்ததுலேர்ந்து."

"தண்ணி சத்தத்த வெச்சே எனக்கு சந்தேகம். நானும் இப்டித்தான் கழுவிக்கினு கெடந்தேன்." புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டார். "டேவிட் பொறந்தப்பறம் எனக்கு அடி எறங்கிப்போச்சு. கர்ப்பப்பை. இருமுனா வெளிய வரும். துணி மடிச்சு வெச்சுக்கினுதான் பாட்டுக்கு நிக்கிறேன். உங்க மாமாக்குக் கூடத் தெரியாது."

கேட்கிறவர் இவராக இருப்பார் என்று நான் நினைக்கவே இல்லை. இந்த வீட்டில் நான் அதிகம் பயந்தது இவருக்குத்தான். அன்றைக்கு அவர் பாடப் போகவில்லை. என் துணிகளை அவரே எடுத்து அலசினார். நான் தடுத்தேன், "சும்மா கெட" என்றார்.

சாயந்தரம் டேவிட்டிடம் நானே சொன்னேன். "உனுக்கு என்னிய புடிக்கல போலன்னு நெனச்சுக்கினு இருந்தேன்" என்றார். பிறகு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

முதலில் போன கிளினிக்கில் டாக்டர், "டெலிவரி ஆனவங்களுக்கு இப்படி இருக்கும், மெல்ல செட் ஆயிடும்" என்றார். நான் எழுந்துவிட்டேன். அத்தை எழவில்லை.

"எங்க காலத்துலயும் அப்டிதான் சொன்னாங்க மேடம். செட் ஆவல. ஒரு தபா பாத்துடுங்க."

டாக்டர் பார்த்தார். பார்த்த பிறகு அவர் முகம் மாறியது. பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக்கொடுத்தார்.

அங்கே இருந்த பெண் டாக்டருக்குத் தமிழ் வராது. எனக்குச் சொல்ல முடியாததையெல்லாம் அத்தை கன்னடத்தில் சொன்னார், காய்கறி விலை சொல்வதுபோல எந்தக் கூச்சமும் இல்லாமல். ஸ்கேன் எடுத்தார்கள். ஆசனவாயைச் சுற்றி இருக்கிற தசை பிரசவத்தின்போது கிழிந்திருக்கிறது, மேல்தோலைத் தைத்திருக்கிறார்கள், உள்ளே தசை சேரவில்லை என்றார் டாக்டர். ஆபரேஷன் செய்து சேர்க்கலாம். முழுக்கச் சரியாகும் என்று வாக்குக் கொடுக்கமாட்டேன் என்றும் சொன்னார்.

கிளம்பும்போது, "வேறே ஏதாவது உண்டா?" என்பதுபோல அவர் எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். நான் அத்தையைப் பார்த்தேன். அவ்வளவு நேரம் எனக்காகப் பேசியவர் பையின் வாரைப் பிடித்துக்கொண்டு தலை குனிந்திருந்தார். எனக்குத் தெரிந்த கன்னடத்தில் நான் சொன்னேன்.

"மேடம், நம்ம அத்தெகூ இதே." எங்கள் அத்தைக்கும் இருக்கிறது என்று அர்த்தம்.

டாக்டர் மறுபடியும் உட்கார்ந்தார். அன்றைக்கே அத்தையையும் பரிசோதித்தார். அவருக்குச் சர்க்கரை அதிகமாக இருந்ததால் ஆபரேஷனை இப்போதைக்குத் தள்ளிவைத்து, கர்ப்பப்பை இறங்காமல் தாங்க உள்ளே ஒரு வளையம் வைத்தார்கள். வெளியே வந்த அத்தை காரிடாரில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து பார்த்தார். ஒருமுறை வேண்டுமென்றே இருமினார். "எறங்கல சுகந்தி" என்றார்.

என் ஆபரேஷன் நாளில் அத்தை என் காலைப் பிடித்துக்கொண்டு ஜெபித்தது இதுதான்: "ஆண்டவரே, இந்தத் தபா தையல் பிரியக்கூடாது. டாக்டரம்மாவ வேற யாரும் நடுவுல கூப்புடக்கூடாது." யாரும் கூப்பிடவில்லை.

அதற்குப் பிறகு எல்லாம் மெதுவாகத்தான் நடந்தது. கஞ்சி, மருந்து, உட்கார முடியாத நாட்கள். தசைக்குப் பயிற்சி சொல்லிக்கொடுத்தார்கள். இன்றும் செய்கிறேன். சில மாதம் கழித்து சிவாஜிநகரிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். டிராபிக்கில் பஸ் நின்றுவிட்டது. வயிற்றைக் கலக்கியது. கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினேன். அடக்கினேன். அடங்கியது. பஸ் நகர்ந்து, நிறுத்தம் வந்து, இறங்கி வீட்டுக்கு நடந்து போகும்வரை அடங்கியே இருந்தது. வழியில் போகிறவர்கள் பார்க்கிறார்களே என்றுகூட நினைக்காமல் ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே நடந்தேன்.

முழு சுகம் என்று சொன்னால் அது பொய்ச்சாட்சி. வாயு இன்னும் சில சமயம் அடங்குவதில்லை. அடுத்த குழந்தை என்றால் ஆபரேஷன் பிரசவம்தான் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஆனால் பள்ளிக்குப் போகிறேன். மகளை இடுப்பில் தூக்கி வைத்துக்கொள்கிறேன். டேவிட் என் பக்கத்தில் படுக்கிறார். அத்தையும் நானும் முன்பைவிட அதிகமாகச் சண்டை போடுகிறோம், இப்போது எங்களுக்குள் மறைக்க எதுவும் இல்லை.

அற்புதம் என்றால் ஒரே நொடியில் நடக்க வேண்டும் என்று நானும் எதிர்பார்த்தேன். எனக்குக் கிடைத்தது ஒரு கேள்வி, ஒரு டாக்டர், ஒரு தையல். மூன்றையும் கர்த்தரிடமிருந்தே பெற்றுக்கொண்டேன்.

கூட்டம் முடிந்ததும் நான் டீ குடிக்கப் போகமாட்டேன். பக்கவாசல் வேப்பமரத்தடியில் நிற்பேன். பிரசவத்துக்குப் பிறகு யாரிடமும் சொல்லாத ஏதாவது ஒன்று உங்களிடம் இருந்தால் வாருங்கள். டாக்டரிடம் தனியாகப் போகப் பயமாக இருந்தால் நானும் கூட வருகிறேன். முதலில் ஆண்டவரிடம் சொல்லுங்கள். சுற்றி வளைக்காமல், இருக்கிற வார்த்தையிலேயே சொல்லுங்கள். எதைச் சொன்னாலும் அவர் முகம் சுளிப்பதில்லை.