நோட்டீஸ் வாங்கும் வேலை

வளைகுடா ஊரான ஃபஹாஹீலில் நான் நடத்தும் தையல் கடைக்கு லைசென்ஸ் என் பெயரில் இல்லை, கஃபீல் என்று இங்கே சொல்லும் உள்ளூர் ஸ்பான்சர் பெயரில். அரசாங்க நோட்டீஸ் எதுவும் அவர் போனுக்குத்தான் வரும். வந்ததை என்னிடம் சொல்வதுதான் அவருக்கிருந்த ஒரே வேலை. போன குளிர்காலத்தில் அதையும் செய்யாமல் பாலைவனத்தில் கூடாரம் போட்டுக் கிடந்தார். பெயர்ப்பலகையை மாற்றச் சொன்ன நோட்டீஸை அவர் திறந்துகூடப் பார்க்கவில்லை. பெருநாளுக்குத் தைத்த துணியெல்லாம் உள்ளே இருக்க, கடைக்குச் சீல் வைத்துவிட்டார்கள். கூடாரத்துக்கே போய்க் கத்தினேன். டீயை நீட்டி, "மாஃபி முஷ்கில்" என்று சிரித்தார். ஒரு பிரச்சினையும் இல்லையாம்!

மறுநாள் கஃபீல் கூப்பிட்டு, கடையின் சீல் அகற்ற வந்த அதிகாரி, நான் யாரென்று அவரிடம் கேட்டார். கஃபீல் என் தோளைத் தட்டி அரபியில் சொன்னார்: "என் கடை டெய்லர். நல்ல ஆள், கோபம்தான் கொஞ்சம் அதிகம்."