வெர்னா போட்ட தேதி

எங்கள் கல்லூரியில் வெளிநாட்டு மாணவர்களுக்கான அலுவலகம் இரண்டு மேஜை போட்டால் நிறைந்துவிடும். ஜன்னலோர மேஜை வெர்னா செட்லாக்குடையது. கதவோர மேஜை என்னுடையது. பதினோரு வருடம் அப்படி எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்தோம்.

வெர்னா தட்டச்சு வேலைக்கென்று உள்ளே வந்தவர். அமெரிக்காவின் நடுவிலிருக்கும் எங்கள் நெப்ராஸ்கா மாநிலத்தை விட்டு வெளியே அதிகம் போனதில்லை. கடலைப் பார்த்ததே கல்யாணத்துக்குப் பிறகு ஒரே ஒரு தடவைதான். ஆனால் எந்த தேசத்து மாணவர் வந்து நின்றாலும் பெயரைச் சரியாக உச்சரிக்கக் கற்றுக்கொண்டுவிடுவார். அட்டையில் எழுதி எடுத்துப்போய், பாத்திரம் கழுவும்போது சொல்லிச் சொல்லிப் பார்ப்பாராம்.

"சமையல்கட்டுல நின்னு ஏதோ மந்திரம் மாதிரி முணுமுணுக்கிறா. எனக்குத்தான் ஏதோ சூனியம் வைக்கிறாளோன்னு இருக்கு" என்று அவர் கணவர் எமில் சொல்வார். எமில் சோளம் உலர்த்தும் களஞ்சியத்தில் வேலை பார்த்தவர். பிள்ளைகள் இல்லை.

அந்த வேலையில் வெர்னாவுக்குப் பிடித்த பகுதி ஒன்று இருந்தது. படிப்பை முடித்த வெளிநாட்டு மாணவர்கள் ஒரு வருடம் இங்கே வேலை பார்க்கலாம். படித்த படிப்புக்குச் சம்பந்தப்பட்ட வேலையாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்குக் கல்லூரி சிபாரிசு செய்ய வேண்டும். வெர்னா அரசாங்கத்தின் கணினியில் பதிவு செய்து, ஒரு தாளை அச்செடுத்து, கையெழுத்துப் போட்டு, தேதி போட்டுத் தருவார். மாணவர் அந்தத் தாளை வைத்து விண்ணப்பம் அனுப்புவார். கணினியில் பதிந்த நாளிலிருந்து முப்பது நாளைக்குள் அது குடியேற்ற அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தாக வேண்டும். சேர்ந்தால் மூன்று மாதத்துக்குள் அனுமதி அட்டை வரும். அட்டை வந்ததும் மாணவர்கள் நேரே எங்கள் அலுவலகத்துக்குத்தான் ஓடி வருவார்கள். வெர்னா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "போட்டோல திருடன் மாதிரி இருக்கே. வேலை கொடுத்தவங்க பார்த்தாங்களா?" என்பார்.

பெகிமாய் 2011-ல் வந்தாள். கிர்கிஸ்தான் மலைகளில் நாரின் என்ற ஊர். நீரியல் படிக்க வந்திருந்தாள். அவள் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது மலைமேல் பனிக்கட்டிக்குப் பின்னால் தேங்கியிருந்த ஏரி உடைந்து, கீழ்த்தெருவை அடித்துக்கொண்டு போயிருக்கிறது. அதில் போனவர்களில் அவளுடைய அப்பாவும் ஒருவர். இதை அவள் ஒரே ஒரு தடவைதான் சொன்னாள், அதுவும் படிவத்தில் அப்பாவின் பெயரை எழுதும் இடத்தில் வெர்னா விரலை வைத்தபோது.

முதல் மாதத்திலிருந்தே வெர்னாவை அவள் 'எஜே' என்றுதான் கூப்பிட்டாள். அவர்கள் ஊரில் அக்காவுக்கு அப்படிச் சொல்வார்களாம். "உன்னைவிட முப்பத்தஞ்சு வயசு பெரியவ நான். அக்காவாம். கேட்டுக்கோ டார்லா" என்று வெர்னா என்னிடம் சொல்லும்போது முகமெல்லாம் சந்தோஷமாக இருக்கும்.

இரண்டாம் வருடக் கடைசியில் பெகிமாய்க்கு வேலை கிடைத்தது. மண் அணைகளைப் பரிசோதிக்கும் சின்ன நிறுவனம். அணைக்குள் குழாய் இறக்கி, நீர் எவ்வளவு கசிகிறது, எந்தப் பக்கம் கசிகிறது என்று பார்க்கும் வேலை. ஜூனில் சேரச் சொல்லியிருந்தார்கள்.

"எங்க ஊர்ல பட்டத்தைக் காட்டினா, போய்ச் சுவத்துல மாட்டும்மான்னு சொல்வாங்க எஜே. ஒரு வருஷம் கருவியைக் கையில பிடிச்சு வேலை பார்த்தவன்னாத்தான் அணைக்கட்டுப் பக்கமே விடுவாங்க. அதுலயும் பொம்பளைன்னா கேக்கவே வேண்டாம்" என்றாள்.

"ஒரு வருஷம்தானே கண்ணு. உட்காரு, இப்பவே பதிஞ்சுடறேன்" என்றார் வெர்னா.

அது மார்ச் 28, வியாழக்கிழமை. பெகிமாய் வகுப்புக்கு நேரமாகிறது என்று போய்விட்டாள். வெர்னா கணினியில் பதிந்தார். தாளை அச்செடுத்தார். கையெழுத்துப் போடப் பேனாவை எடுக்கும்போது தொலைபேசி வந்தது. எமில் களஞ்சியத்தில் படியிலிருந்து சரிந்து விழுந்துவிட்டாராம். பக்கவாதம். வெர்னா கோட்டைக்கூட எடுக்காமல் ஓடினார். நான்தான் பின்னாலேயே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மூன்று வாரத்துக்கு மேல் வெர்னா வரவில்லை. இடையில் அவர் மேஜையில் ஒரு முத்திரையைத் தேடியபோது அந்தத் தாளை நான் பார்த்தேன். பெகிமாயின் பெயர் இருந்தது, கையெழுத்து இல்லை. வெர்னா வந்து பார்த்துக்கொள்வார் என்று நினைத்து, அது கசங்காமலிருக்க ஒரு கோப்புக்கு அடியில் வைத்தேன். சிபாரிசில் கையெழுத்திடும் அதிகாரம் அப்போது எனக்கில்லை. ஆனால் ஒரு வார்த்தை போன் பண்ணிக் கேட்டிருக்கலாம்.

ஏப்ரல் 22-ம் தேதி வெர்னா திரும்பி வந்தார். எமிலுக்கு வலது கை போயிருந்தது, பேச்சும் பாதி போயிருந்தது. வெர்னாவின் கண்ணைச் சுற்றிக் கருத்திருந்தது. அன்று மதியம் பெகிமாய் வந்தாள், கையில் எமிலுக்கென்று தேன் பாட்டில். வெர்னா கோப்புக்கு அடியிலிருந்து தாளை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். பக்கத்தில் அன்றைய தேதியைப் போட்டார். இருபத்தாறு வருடப் பழக்கத்தில் வாய் தானாகச் சொன்னது: "இன்னையிலேர்ந்து முப்பது நாள் இருக்கு கண்ணு. அவசரமில்ல. ஆய்வறிக்கையை முடிச்சுட்டு அனுப்பு."

உண்மையில் ஐந்து நாள்தான் மிச்சமிருந்தது.

பெகிமாய் ஆய்வறிக்கையை முடித்துவிட்டு மே 6-ம் தேதி விண்ணப்பத்தை அனுப்பினாள். பட்டமளிப்பன்று அங்கி போட்டுக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தாள். எமிலையும் சக்கர நாற்காலியில் கூட்டிவந்திருந்தார் வெர்னா. மூன்று பேரையும் நான் போட்டோ எடுத்தேன். ஜூன் வந்தது, அட்டை வரவில்லை. நிறுவனத்தில் ஒரு மாதம் பொறுப்பதாகச் சொன்னார்கள். பிறகு இன்னொரு மாதம்.

ஆகஸ்டு முதல் வாரம் பெகிமாய் ஒரு கடிதத்தோடு வந்தாள். கல்லூரி பதிந்த நாளிலிருந்து முப்பது நாளைக்குள் விண்ணப்பம் வந்து சேராததால் நிராகரிக்கப்படுகிறது என்று இருந்தது. மறுபடி விண்ணப்பிக்கலாம் என்றால், படிப்பு முடிந்து அறுபது நாளைக்குள் செய்திருக்க வேண்டும். அதுவும் ஜூலையிலேயே தாண்டிவிட்டது.

"அவங்க தப்பா எண்ணிட்டாங்க போல எஜே" என்றாள் அவள். "தாள்ல ஏப்ரல் 22-ன்னு இருக்கே. நீங்க ஒரு போன் போட்டாச் சரியாயிடும்."

வெர்னா கணினியைத் திறந்தார். பதிவு தேதி மார்ச் 28 என்று இருந்தது. அவர் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், "நீ வீட்டுக்குப் போ கண்ணு. சாயங்காலம் நானே வந்து சொல்றேன்" என்றார்.

அவள் போனதும் எங்கள் இயக்குநர் ஹால்வர்சனிடம் போனோம். அவர் கெட்டவர் இல்லை. கோப்பைப் புரட்டி, ஒவ்வொரு மாணவரும் கையெழுத்துப் போட்டுத் தரும் உறுதித்தாளை எடுத்து எங்கள் பக்கம் தள்ளினார். தேதிகளுக்கு மாணவரே பொறுப்பு என்று அதில் இருக்கும்.

"வெர்னா, அந்தப் பொண்ணு கையெழுத்துப் போட்டிருக்கா. இதோட நிறுத்திக்கலாம். உங்க வீட்டு நிலைமையும் எனக்குத் தெரியும்."

"அவ கையெழுத்துல ஒண்ணும் தப்பில்ல. என் கையெழுத்துலதான் தப்பு" என்றார் வெர்னா. "குடியேற்ற அலுவலகத்துக்கு அப்படியே எழுதிக் கொடுக்கப் போறேன்."

"எழுதினா உங்க பேர்ல நிக்கும்."

"வேற யார் பேர்ல நிக்கணும்?"

சாயங்காலம் பெகிமாயின் வீட்டுக்கு நான்தான் காரை ஓட்டினேன். வழியில், தாளை நானும் பார்த்தேன் என்று சொன்னேன். கோப்புக்கு அடியில் வைத்ததையும் சொன்னேன்.

வெர்னா என் பக்கம் திரும்பி, "நீ பார்த்தே. தேதி போட்டது நான். ரெண்டையும் ஒண்ணாக் குழப்பாதே" என்றார்.

பெகிமாய் தேநீர் போட்டு வைத்திருந்தாள். ரொட்டியும் பழப்பாகும் எடுத்து வைத்திருந்தாள். விருந்தாளி வருகிறார் என்று அறையைப் பெருக்கியிருந்தாள். வெர்னா உட்காராமலே சொன்னார். மார்ச் 28, எமில், மேஜை, ஏப்ரல் 22, எல்லாவற்றையும் வரிசையாக. சொல்லச் சொல்ல அவருக்கு அழுகை வந்துவிட்டது.

பெகிமாய் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள். "நீங்க அழாதீங்க" என்றாள். ஆறுதலாகச் சொல்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். "நீங்க அழுதா நான் உங்களைத் தேத்தணும். இன்னைக்கு என்னால முடியாது."

வெர்னா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"இருபத்தாறு வருஷமா இந்த வேலை பார்க்கறீங்க" என்றாள் அவள், குரலை உயர்த்தாமல். "உங்களுக்கு இது ஆயிரம் தாள்ல ஒரு தாள். எனக்கு இது ஒண்ணுதான் எஜே. உங்க வீட்டுக்காரர் விழுந்தது எனக்குத் தெரியும், தேன் கொண்டுவந்தேன். அப்பவாவது, கண்ணு எனக்குத் தலை சுத்துது, வேற யாரையாவது ஒரு தடவை பார்க்கச் சொல்லுன்னு சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருக்கணும்" என்றார் வெர்னா.

"அம்மாகிட்ட நான் என்ன சொல்லட்டும்?"

தேநீர் அப்படியே ஆறிப்போயிருந்தது.

வெர்னா ஒன்றரைப் பக்கம் எழுதினார். தவறு என்னுடையது, மாணவியுடையது அல்ல என்று முதல் வரியிலேயே இருந்தது. வழக்கறிஞர் ஒருவரைப் பிடித்து மறுபரிசீலனைக்கு அனுப்பினார். பதில் வரப் பல மாதமாகும், அதுவரை பெகிமாய் இங்கே இருப்பது அவளுக்குத்தான் கெடுதல் என்றார் வழக்கறிஞர். நிறுவனமும் வேறொருவரை எடுத்துக்கொண்டது. ஆகஸ்டு கடைசியில் பெகிமாய் கிளம்பினாள். விமான நிலையத்துக்கு என்னை மட்டும் வரச் சொன்னாள். "எஜே வேண்டாம்" என்றாள். ஒமாஹா நகரம் வரைக்கும் இரண்டு பக்கமும் சோளக்காடு. அவள் கண்ணை மூடிக்கொண்டே வந்தாள், தூங்கவில்லை.

ஜனவரியில் பதில் வந்தது. கல்லூரி அலுவலரின் தவறு என்றாலும் கெடு கெடுதான், மாற்ற வழியில்லை என்றது. வெர்னா விடவில்லை. பேராசிரியர்களைப் பிடித்து ஆராய்ச்சிப் படிப்புக்கு அவளுக்கு இடம் வாங்கினார். விசா நேர்காணலில், போன தடவை அனுமதி மறுக்கப்பட்டும் ஏன் தங்கினாய் என்று கேட்டார்களாம். தங்கியது மூன்று வாரம். விசா கிடைக்கவில்லை. அடுத்த வருடமும் கிடைக்கவில்லை.

சிபாரிசு அதிகாரத்தை ஆறு மாதம் வெர்னாவிடமிருந்து எடுத்து என்னிடம் கொடுத்திருந்தார்கள். திரும்பக் கொடுத்தபோது அவர் வேறு ஆளாக இருந்தார். அட்டையோடு வருகிறவர்களைக் கேலி செய்வது நின்றுபோயிற்று. ஒவ்வொரு தாளையும் மூன்று தடவை பார்ப்பார். வெளியே வரிசை நீளும். "அந்தப் பாட்டிகிட்டப் போனா அரை நாள் போச்சு" என்று பையன்கள் பேசிக்கொள்வது உள்ளே கேட்கும். அவருக்கும் கேட்டிருக்கும்.

பெகிமாய்க்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். மின்னஞ்சலில் மன்னிப்புக் கேட்பது மரியாதையில்லை என்பது அவர் எண்ணம். நான்கு வருடம் பதிலே இல்லை. ஐந்தாம் வருடம் வந்தது. வெர்னா படித்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

"எஜே, நான் நலம். நீர்மின் நிலையத்தில் தட்டச்சு வேலை பார்க்கிறேன். உங்கள் கடிதங்கள் எல்லாம் கிடைத்தன. இனி எழுத வேண்டாம். அமெரிக்கத் தபால்தலையைப் பார்த்ததும் ஒவ்வொரு தடவையும் அம்மா அனுமதி வந்துவிட்டது என்று நினைத்துப் பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிடுகிறார். ஒவ்வொரு தடவையும் நான் அவருக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது."

வெர்னா அதற்குப் பிறகு எழுதவில்லை. அந்த வருடமே ஓய்வு பெற்றார். விருந்து வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஒரு வெள்ளிக்கிழமை மேஜையைத் துடைத்து வைத்துவிட்டுப் போனார். எமில் இரண்டு வருடம் கழித்துக் காலமானார். வெர்னா முதியோர் இல்லத்தில் சேர்ந்தார். நான் ஞாயிறுதோறும் போவேன். பெயர்களெல்லாம் அவருக்கு மறந்துகொண்டே வந்தன. என் பெயரும் ஒருநாள் போயிற்று.

போன மார்ச்சில் அவர் இறந்தார். பெகிமாய்க்கு மின்னஞ்சல் அனுப்பினேன். ஒன்பது நாள் கழித்துப் பதில் வந்தது.

"சொன்னதற்கு நன்றி. பத்து வருடம் அவர்மேல் கோபமாக இருந்தேன். இங்கே அலுவலகங்களில் எவ்வளவோ பேர் என் காகிதங்களைத் தொலைத்திருக்கிறார்கள், நான்தான் என்று யாரும் தன் பெயரைச் சொன்னதில்லை. கோபப்பட எனக்கு அவர் பெயர் மட்டும்தான் கிடைத்தது. அது நியாயமில்லை என்று தெரிந்தும் கோபப்பட்டேன். கடைசி நேரத்தில் அவர் பக்கத்தில் யாராவது இருந்தார்களா?"

இருந்தேன் என்று எழுதிவிடலாமா என்று வெகுநேரம் யோசித்தேன். எழுதவில்லை. அது செவ்வாய்க்கிழமை மதியம், நான் வேலையில் இருந்தேன், அறையில் யாரும் இல்லை என்று உள்ளதை எழுதி அனுப்பினேன்.