ஸ்டீபன் கேட்ட மணிக்கணக்கு

ஸ்டீபன் இறந்துவிட்டார் என்று கேட்டதும் எனக்கு முதலில் வந்தது துக்கமல்ல, நிம்மதி. வெட்கத்தோடுதான் எழுதுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் தொம்மலூர் அடுக்ககத்தின் செயலாளர் ரமேஷ் கதவைத் தட்டி, "நம்ம மெக்கானிக் ஸ்டீபன் போயிட்டார் சார், ஹார்ட் அட்டாக்" என்றார். நடந்தது என்னவென்று தெரிந்த ஒரே ஆள் போய்விட்டார் என்று மனம் ஒரு கணம் காலை நீட்டி உட்கார்ந்தது. அடுத்த கணம் எழுந்துகொண்டது. அதற்கப்புறம் உட்காரவேயில்லை.

இதைப் படிக்கும் உங்களில் பாதிப் பேருடைய கார்கள் ஆடுகோடியில் அவருடைய ஷெட்டில் படுத்து எழுந்தவை. என்னுடையது சின்ன டர்போ பெட்ரோல் கார். இஞ்சின் குக்கர் அளவுதான் இருக்கும், இழுப்பு மட்டும் பெரிய வண்டியுடையது. வாங்கிய புதிதில் அதை அவரிடம் காட்டிப் பீற்றிக்கொண்டிருந்தேன். அவர் பானெட்டைக்கூடத் திறக்கவில்லை.

"தினம் எவ்வளவு ஓடுது சார்?"

"கோரமங்களா ஆபீஸ். போக ஏழு, வர ஏழு. பதினாலு கிலோமீட்டர்."

"கிலோமீட்டர் கேக்கல. எத்தன மணி நேரம்?"

"ரெண்டு மணி நேரம் ஆகும்."

"அப்ப மீட்டரப் பாத்து ஆயில் மாத்தாதீங்க. வருஷத்துக்கு மீட்டர் நாலாயிரம்தான் காட்டும். இஞ்சினக் கேட்டா முப்பதாயிரம்னு சொல்லும்."

நம் பெங்களூர் நெரிசலில் வண்டி நின்றாலும் இஞ்சின் நிற்பதில்லை. அந்தச் சூட்டில் ஆயில் வெந்துகொண்டே இருக்கும். அதனால்தான் ஸ்டீபன் கதவோரம் ஒட்டும் சர்வீஸ் சீட்டில் கிலோமீட்டரை அடித்துவிட்டு, அடுத்து வரவேண்டிய மாதத்தைப் பேனாவால் எழுதுவார். உங்கள் வண்டியிலும் இருக்கும், பாருங்கள்.

ஒருமுறை கிருஷ்ணகிரியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு, ஹோசூர் ரோட்டில் விரட்டிக்கொண்டு வந்து, ஷெட் வாசலில் நிறுத்தி சட்டென்று இஞ்சினை அணைத்தேன். ஸ்டீபன் ஜன்னல் வழியாகக் கையை விட்டு மறுபடி ஸ்டார்ட் செய்தார். "ஓடி வந்த ஆள மூச்சு வாங்க விடாம படுக்கப் போடுவீங்களா? ஸ்வல்ப இருங்க. டர்போ ஆறட்டும்." அந்த ஒரு நிமிடம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டார். அதற்குள் மாப்பிள்ளை என்ன வேலை, பெண் வீட்டார் ஏன் சாப்பிடாமல் கிளம்பினார்கள் என்பதையெல்லாம் என்னிடமிருந்து கறந்துவிட்டார். வம்பில் எனக்குச் சமமான ஒருவரை அன்றுதான் பார்த்தேன்.

இனி என் பாவக்கதை. அவர் எழுதிய மாதம் வந்தது. போகவில்லை. "நாலாயிரம்கூட ஓடல, இந்த ஆளுக்கு வேற வேலையில்ல" என்று மனைவியிடம் சொன்னேன். இன்னும் ஆறேழு மாதம் கழித்து டாஷ்போர்டில் ஆயில் விளக்கு எரிந்தது. மச்சான் தன் பழைய டீசல் வேனுக்கு வாங்கி, அவன் வீட்டுப் பரணில் போட்டு வைத்திருந்த ஆயில் கேனை எடுத்து ஊற்றினேன். விளக்கு அணைந்தது. நானே பாதி மெக்கானிக் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த மாதம் வண்டி விசிலடித்தது. பிறகு பின்னால் நீலப் புகை. இழுவை செத்துப்போயிற்று.

ஷெட்டுக்கு மனைவியும் கூட வந்தாள். ஸ்டீபன் ஆயில் மூடியைத் திருகி எடுத்தார். உள்ளே கறுப்பாக அல்வா மாதிரி ஒட்டியிருந்தது. விரலில் தொட்டு மோந்து பார்த்தார்.

"இது நான் ஊத்தின ஆயில் இல்லையே மேடம். நடுவுல வேற யாராச்சும் கை வச்சாங்களா?"

"இல்லையே ஸ்டீபன். உங்கள விட்டா இவருக்கு யாரத் தெரியும்?" என்றாள் என் மனைவி.

நான் ஷெட்டின் கூரையை ஆராய்ந்துகொண்டிருந்தேன். ஸ்டீபன் என்னைப் பார்த்தார், மூடியைப் பார்த்தார், பிறகு கையைத் துடைத்துக்கொண்டார். நானும் விஷயத்தை அதோடு விட்டிருக்கலாம். ஆனால் வீட்டில் மனைவி, "அப்ப யார் மேல தப்பு?" என்று கேட்டுவிட்டாள். அன்று மாலை அடுக்ககத்தின் வாட்ஸப் குழுவில் ஒரு நீண்ட செய்தி எழுதினேன். பெங்களூர்த் தூறலில் தொடங்கி, மனித நம்பிக்கையைத் தொட்டு, ஸ்டீபன் என் இஞ்சினைப் பாழாக்கிவிட்டார் என்று முடித்தேன். எங்கள் ஜெனரேட்டரையும் பார்த்துக்கொள்பவர் என்பதால் அவரும் அந்தக் குழுவில் இருந்தது, அனுப்பிய பிறகுதான் நினைவுக்கு வந்தது.

மறுநாள் காலை போன். "படிச்சேன் சார். நல்லா எழுதறீங்க. வண்டியப் பிரிச்சிட்டேன், வந்து பாருங்க."

போனேன். இஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தட்டுக்குள் இருந்த சல்லடையைக் கையில் கொடுத்தார். அதே கறுப்பு அல்வா அப்பி, ஓட்டை ஒன்றுகூடத் தெரியவில்லை. "டர்போ நிமிஷத்துக்கு லட்சம் சுத்துக்கு மேல சுத்துது. உள்ள அதத் தாங்கறது இந்த ஆயில் மட்டும்தான். அதுவும் வரலன்னா, பாவம், அது யாரப் போய்க் கேக்கும்?"

"மச்சான் வீட்டு ஆயில்" என்றேன்.

"தெரியும் சார். வேன் வாசன." சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "அந்த மெசேஜுக்கு மட்டும் ஒரு வார்த்த மாத்திப் போட்ருங்க. ஜனங்க நம்பி வண்டி விடறாங்க" என்றார்.

போடுகிறேன் என்றேன். இன்று, நாளை என்று ஒன்றரை வருடம் ஓடிவிட்டது. ஷெட்டில் கூட்டம் குறைந்துவிட்டதாக எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. அந்தத் தெருப்பக்கமே போகாதவனுக்கு அது எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். அவர் ஜெனரேட்டரைப் பார்க்க வரும் நாட்களில் எனக்கு மாடிப்படியில் அவசர வேலை இருக்கும். ஆனால் அவர் பூட்டிக் கொடுத்த இஞ்சின் இன்றுவரை ஒரு இழைப் புகைகூட விட்டதில்லை.

ஆகவே அந்த ஒரு வார்த்தையை இப்போது போடுகிறேன்: தப்பு என்னுடையது. ஸ்டீபன் தொட்ட இஞ்சின் எதுவும் அவரால் கெட்டதில்லை. அடைத்துப்போன அந்தச் சல்லடை என் மேசை டிராயரில் இருக்கிறது. கிலோமீட்டரை விட்டு மணியை எண்ணும் பழக்கமும் இருக்கிறது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டவை இவை.

இங்கே முடித்து, குழுவில் போடும் முன் ரமேஷிடம் காட்டினேன். படித்துவிட்டு, "எந்த மெசேஜ் சார்?" என்றார். போனில் தேடி எடுத்து நீட்டினேன். திரையில் நான்கு வரித் தூறல் தெரிந்தது. அதற்குக் கீழே 'மேலும் படிக்க.'

"தப்பா எடுத்துக்காதீங்க சார். உங்க மெசேஜுல அத யாரும் தொடறதில்ல. போன வாரம் வரைக்கும் எல்லாரும் அவர்கிட்டதான வண்டி விட்டோம்?"

ஆக, அதைக் கடைசி வரி வரை படித்தவர் ஸ்டீபன் ஒருவர்தான்.