நன்மை வாங்காத றெஜினா ரீச்சர்

கிளிநொச்சிச் சந்தையில் வீட்டுக்காரருக்காகக் கருவாடு பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் செய்தி கிடைத்தது. முல்லைத்தீவுக் கரையிலிருந்து கருவாடு கொண்டுவரும் அந்தோனிப்பிள்ளை, தராசைக் கீழே வைத்துவிட்டு, "ரீச்சர், உங்களுக்குத் தெரியாதோ? எங்கடை றெஜினா ரீச்சர் நேற்றுப் பின்னேரம் மோசம் போயிட்டா. நாளைக்கு அடக்கம்" என்றார். அவர் அத்தோடு விட்டிருக்கலாம். குரலைத் தாழ்த்தி, "கடைசிமட்டும் நன்மை வாங்கேல்லை. அப்பிடி என்னதான் செய்தாவோ, ஆண்டவருக்குத்தான் வெளிச்சம்" என்று ஒரு வாலையும் சேர்த்துவிட்டார்.

வந்த கோபத்தில் கருவாட்டை அங்கேயே போட்டுவிட்டு உருத்திரபுரத்து வீட்டுக்கு பஸ் ஏறினேன். மறுநாள் அடக்கத்துக்கும் போய் வந்தாயிற்று. அந்தக் கோபம் தணியுமுன்னே இதை எழுதிவிட வேண்டுமென்று உட்கார்ந்திருக்கிறேன்.

அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பூசையில் குருவானவர் நாவில் வைக்கும் தேவ அப்பத்தைப் பெறுவதைத்தான் கத்தோலிக்கர் நன்மை வாங்குதல் என்பார்கள். சாவான பாவம், அதாவது ஆன்மாவையே கொல்லும் பெரிய பாவம், செய்தவர், அதைப் பாவசங்கீர்த்தனத்தில் குருவிடம் சொல்லி, மனஸ்தாபப்பட்டு, அதாவது மனம் வருந்தி, மன்னிப்புப் பெறும்வரை நன்மை வாங்கக் கூடாது. அங்கே சொன்னதைக் குருவானவர் உயிர் போனாலும் வெளியே சொல்லமாட்டார். நான் சைவக்காரி. இதெல்லாம் றெஜினா ரீச்சரிடம் கேட்டறிந்தவைதான்.

ஐம்பதுகளில், யாழ்ப்பாணத்திலிருந்து அந்தக் கரையோரக் கிராமத்தின் மிஷன் பள்ளிக்கூடத்துக்குக் கணக்கும் தையலும் படிப்பிக்கப் போனேன். முகம் தெரிந்த ஒரு மனிதர் இல்லை. அங்கே படிப்பித்த றெஜினா ரீச்சரின் வீட்டில்தான் எனக்கு அறை. முதல் நாள் கதிரையில் இருந்து அழுதுகொண்டிருந்தேன். குசினியிலிருந்து எட்டிப் பார்த்து, "அழுது முடிச்சிட்டுச் சாப்பிடுங்கோ. சாப்பிட்டுட்டு அழுதா வயித்திலை தங்காது" என்றார். எனக்கென்று மீன் சேராத புதுச்சட்டி ஒன்றையும் வாங்கி வைத்திருந்தார். அன்று சிரிக்கத் தொடங்கியவள்தான், அந்த ஊரில் இருந்த காலமெல்லாம் அவர் பக்கத்திலிருந்துதான் சிரித்தேன்.

அவரைப் போன்ற பக்தியுள்ள ஒருவரை நான் எந்தச் சமயத்திலும் கண்டதில்லை. விடியற்பூசை ஒன்றும் தவறாது. தவக்காலத்தில் இயேசுவின் பாடுகளைச் சொல்லும் பசாம் படித்தால் பெரிய ஆம்பிளைகளே சால்வையால் கண்ணைத் துடைப்பார்கள். கலியாணம் செய்யவில்லை. ஒரே தங்கை பிள்ளைப்பேற்று நோவில் துடித்தபோது, களப்பைக் கடக்க வள்ளம் பார்த்துக் கரையிலேயே உயிரை விட்டாள். அங்கே ஒரு பாலம் இருந்திருந்தால் ஆஸ்பத்திரி எட்டிய தூரம்.

அந்தப் பாலத்துக்காக வாய் திறந்தவர் ஒரே ஒருவர்தான். இடதுசாரிகளின் சிவப்புக் கட்சி வழக்கறிஞர்; ஊருக்கு அப்புக்காத்தர். அவர் தேர்தலில் நின்றபோது, ஊர்க் கோயிலின் குருவானவரான பங்குச் சுவாமி கொதித்துப் போனார். அவர்களுடைய கைக்கு ஆட்சி போனால் மிஷன் பள்ளிக்கூடங்களைப் பறிப்பார்கள், ஞானோபதேசம் நின்றுவிடும் என்பது அவருடைய பயம். அந்தப் பயத்தை நான் குறை சொல்லமாட்டேன். அந்தப் பள்ளிக்கூடத்துக்குத் தன் தோளில் கல் சுமந்தவர் அவர். ஆனால் பிரசங்கத்தில், "சிவப்புக்கு வாக்குப் போடுறது சாவான பாவம்" என்று சொல்லிவிட்டார். தேர்தலன்று பூசை முடிந்ததும் சனம் முழுவதையும் பிரார்த்தனை பாடவைத்து, கோயிலிலிருந்து நேரே வாக்குச்சாவடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு, மறுபக்கம் பயம். இதற்குப் பெயர் தேர்தலா, திருநாளா?

அப்புக்காத்தர் கட்டுக்காசையும் இழந்தார். அதன் பிறகு நடந்ததுதான் கூத்து. பாஸ்கா என்ற உயிர்ப்புத் திருநாளுக்கு முன் எல்லோரும் பாவசங்கீர்த்தனம் செய்யவேண்டும். இரகசியமாகச் சிவப்புக்குப் போட்ட ஆம்பிளைகள் வரிசையில் நின்று, போட்ட வாக்கைப் பாவமாகச் சொல்லி மன்னிப்பு வாங்கிக்கொண்டு வந்தார்கள். "ஒரு செபமாலையோடை விட்டிட்டார்" என்று கள்ளுத் தவறணையில் பகிடி வேறு. அடுத்த முறையும் போட்டு, அடுத்த முறையும் சொன்னால் போச்சு!

றெஜினா ரீச்சரும் உள்ளே போனார். வெளியே வந்தபோது முகம் வெளுத்திருந்தது. அந்த ஞாயிறு எல்லோரும் நன்மை வாங்க எழும்பிப் போக, அவர் மட்டும் தன் வாங்குப் பலகையடியில் முழந்தாளில் இருந்தார். அதற்கடுத்த ஞாயிறும் அப்படித்தான். பிறகு அதுவே வழமையாகிவிட்டது.

உள்ளே நடந்ததை என்னிடம் மட்டும்தான் சொன்னார். "சுவாமி, நான் சிவப்புக்குத்தான் போட்டனான். ஆனா அதைப் பாவமெண்டு சொல்ல வரேல்லை எண்டனான். மனஸ்தாபப்படு எண்டார். பாவமெண்டு நினைக்காமல் மனஸ்தாபப்பட்டா அது பொய்யெல்லோ சுவாமி, எண்டனான். மன்னிப்புத் தரேலாதெண்டிட்டார்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உங்களுக்கென்ன விசரோ அக்கா? வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தா ஆருக்குத் தெரியப்போகுது?"

"அவர் பாவமெண்டுறார், நான் இல்லையெண்டுறன். அதை அவருக்குச் சொல்லாமல் அவரின்ரை கையாலை நன்மை வாங்கினா, அதுதான் கள்ளம்."

ஊர் சும்மா இருக்குமா? கலியாணம் கட்டாத பெண், நன்மை வாங்கப் போவதில்லை என்றால் ஊருக்கு ஒரே ஒரு பாவம்தான் ஞாபகம் வரும். யார் அந்த ஆள் என்றுகூடப் பெயர் பொருத்திப் பார்த்தார்கள். பசாம் படிக்க வேறொருவரைப் பிடித்தார்கள். வீட்டுக்கு வருபவர்கள் குறைந்தார்கள். சுவாமியின் காதுக்கும் அந்தக் கதை போயிருக்கும். அவரால் வாய் திறக்க முடியாது. சொல்லக்கூடிய றெஜினா ரீச்சரும் சொல்லவில்லை.

"சொல்லிவிடுங்கோவன் அக்கா, வாக்குத்தான் எண்டு" என்று கெஞ்சினேன்.

"நான் ஆருக்குப் போட்டனானெண்டு சொன்னா, நாளைக்கு மற்றப் பொம்பிளையளையும் பிடிச்சு, நீ ஆருக்குப் போட்டனி எண்டு கேப்பினம். சொல்லமாட்டன் எண்டு நிக்க அதுகளாலை ஏலாது. புருசன்மார் முறிச்சுப் போடுவாங்கள். நான் செத்தாப் பிறகு நீங்கள் சொல்லுங்கோ."

அரசாங்கம் உண்மையாகவே மிஷன் பள்ளிக்கூடங்களை எடுக்க வந்தபோது, பெற்றோர் பள்ளிக்கூடத்துக்குள் குடியிருந்து காவல் காத்தார்கள். றெஜினா ரீச்சரும் பாயைச் சுருட்டிக்கொண்டு போனார். அவரைக் கண்டு மற்றப் பெண்கள் தள்ளித் தள்ளி இருந்தார்கள். மூலையில் தனியே இருந்து செபமாலை சொன்னார். "பள்ளிக்கூடம் கோயிலின்ரைதான். வாக்கு என்ரை" என்று பிறகு எனக்குச் சொன்னார். கலியாணம் கட்டி நான் உருத்திரபுரத்துக்கு வந்தபின், அவருக்கு வாய்விட்டுக் கதைக்க அங்கே ஒருவரும் மிஞ்சவில்லை.

அடக்கத்தன்று அவருடைய தம்பி சூசைதாசன் மிச்சத்தைச் சொன்னார். பழைய சுவாமி மாற்றலாகிப் போய் ஒரு வருடமாயிற்றாம். அக்கா படுக்கையில் விழுந்ததும் புதிய இளம் சுவாமி தானாகவே வந்திருக்கிறார். "மன்னிப்பில்லையெண்டு கட்டினவர்தான் அவிழ்க்கவேணும் சுவாமி. பழைய சுவாமிக்கு ஒரு சொல் அனுப்பிவிடுங்கோ" என்று அக்கா சொன்னாராம். ஆள் அனுப்பியிருந்தார்கள். வாசலில் பஸ் சத்தம் கேட்கும்போதெல்லாம், "பாரடா, சுவாமியோ?" என்று கேட்டபடியே இருந்தாராம்.

பெட்டியை மூடப்போகும் நேரம் அந்தப் பழைய சுவாமி வந்தார். நன்றாகத் தளர்ந்துவிட்டார். கழுத்திலிருந்து தொங்கிய சிறிய பேழையை நெஞ்சோடு இறுக்கிப் பிடித்திருந்தார். நோயாளிக்கு நன்மை கொண்டுபோகும் பேழை அது. அது கையிலிருக்கும்போது குருமார் வழியில் ஒருவரோடும் கதைப்பதில்லை. பஸ்ஸில் அத்தனை தூரமும் வாய் திறக்காமல் வந்திருப்பார். பந்தலையும் சனத்தையும் கண்டு படலையடியிலேயே நின்றுவிட்டார். பிறகு மெல்ல வந்து, றெஜினா ரீச்சரின் காலடியில், ஊர் முழுவதும் பார்க்க, முழந்தாளிட்டார். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

எழும்பத் தெண்டித்தவருக்கு நான்தான் கை கொடுத்தேன். "பிந்திப்போனன் பிள்ளை" என்றார். அவ்வளவுதான். இறந்தவருக்கு நன்மை கொடுக்க முடியாது. பேழையை அப்படியே பிடித்தபடி கோயில் பக்கம் நடந்தார். பெட்டி சேமக்காலைக்குப் போயிற்று.

அந்தோனிப்பிள்ளை, நீரும் கேளும். அந்தக் கரையில் இருப்பவர்கள் எல்லோரும் கேளுங்கள். றெஜினா ரீச்சரின் வாழ்வில் எந்த ஆம்பிளையும் இருக்கவில்லை. தங்கை செத்த இடத்தில் ஒரு பாலம் வேண்டுமென்று, வாக்குச்சீட்டில் ஒரு புள்ளடி போட்டார். அவர் செய்தது அது ஒன்றுதான்.

போய் வாருங்கள், அக்கா. சுவாமி நன்மை கொண்டுதான் வந்தார்.